பெட்டி வாங்கினால் போதுமா? பொய் கண்டறியும் கருவி: வாசகர் கேள்வி – பதில்

காவல் துறைக்குப் புதிதாகப் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவி வாங்குவது, அதை இயக்க ஆட்களைப் பயிற்றுவிப்பது, இரண்டுக்கும் நிதி கேட்பது ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. தடயவியல் உளவியலும் கருவிப் பராமரிப்பும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கே: காவல் துறையின் நிதிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருக்கிறேன். ‘பொய் கண்டறியும் கருவி – 1, பயிற்சி உட்பட’ என்று ஒரே வரியில் ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. அப்படியே அனுமதிக்கலாமா?

ப: திருப்பி அனுப்புங்கள். இனம் இனமாகப் பிரித்து எழுதி வரச் சொல்லுங்கள். கொட்டேஷனில் ‘பயிற்சி உட்பட’ என்று இருந்தால், பெரும்பாலும் அது விற்பனை நிறுவனத்து ஆள் வந்து மென்பொருளைத் திறந்து காட்டும் ஓரிரு நாள் அறிமுகம்தான். பரிசோதகர் பயிற்சி என்பது வேறு. அதற்கு அடுத்த கேள்வியில் வருவோம்.

கருவி என்றதும் எல்லோரும் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். இன்றைய டிஜிட்டல் பாலிகிராஃபில் அது மடிக்கணினியோடு யு.எஸ்.பி. கம்பியில் இணையும் சின்னப் பெட்டி. நோட்டுப் புத்தகம் வைக்கிற இடத்தில் வைத்துவிடலாம். உழைப்பதெல்லாம் அதில் செருகும் சென்சார்கள். மார்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக மூச்சை அளக்கும் இரண்டு நியூமோகிராஃப் குழாய்கள். வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதைக் காட்டும், விரல்களில் மாட்டும் இரண்டு எலக்ட்ரோடுகள். மேற்கையில் சுற்றும் ரத்த அழுத்தப் பட்டை. விரல் நுனியில் ரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் கிளிப். நாற்காலியில் போடும் அசைவு உணர் மெத்தை. இந்தக் கடைசிப் பொருளைச் சில கொட்டேஷன்களில் ‘விருப்பத் தேர்வு’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அதை ஒத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கப் பாலிகிராஃப் சங்கம் 2012 முதல் எல்லாச் சோதனைகளுக்கும் அசைவு சென்சாரைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கெடுவதும் இந்தச் சென்சார்கள்தான். கெட்டது உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. நியூமோகிராஃப் குழாயின் மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் திரையில் மூச்சின் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும். ஒருவர் பொய் சொல்லும்போது மூச்சு அடங்குவதும் திரையில் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். விரலுக்குப் போகும் கம்பி உள்ளே அறுந்திருந்தால் தோல் மின்கடத்தல் கோடு சட்டென்று செங்குத்தாகத் துள்ளும். அழுத்தப் பட்டையில் காற்று கசிந்தால் அலையின் உயரம் குறைந்து கோடு கீழே இறங்கிக்கொண்டே போகும். கற்றவர் இதைக் கருவிக் கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார். கல்லாதவர் அறிக்கையில் ‘பொய்’ என்று எழுதிவிடுவார்.

ஆகவே உபரிப் பொருட்களைக் கோரிக்கையிலேயே சேர்க்க வேண்டும். நியூமோகிராஃப் குழாய் கூடுதலாக ஒரு ஜோடி. அழுத்தப் பட்டை நடுத்தரம், பெரிது என்று இரண்டு அளவு, அளவுக்கு ஒன்று உபரி. விரல் எலக்ட்ரோடுக்கான கம்பி இரண்டு. ஒட்டு எலக்ட்ரோடு ஒரு சோதனைக்கு இரண்டு தேவை. கழன்று விழுந்தால் மாற்ற இன்னொன்று. ஆண்டுக்கு 100 சோதனை என்றால் 300 வாங்குங்கள். அதற்கு மேல் குவித்து வைக்க வேண்டாம், பசை காய்ந்துபோகும்.

மடிக்கணினி இதற்கென்றே தனியாக இருக்கட்டும். அலுவலகக் கடிதம் அடிக்கும் கணினியில் இந்த மென்பொருளைப் போட்டால், நடுச் சோதனையில் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு அணைந்து எரியும் நாள் ஒன்று நிச்சயம் வரும். அதோடு கைப்பிடி அகலமான, சுழலாத, சக்கரம் இல்லாத நாற்காலி, படமும் குரலும் பதியும் இரண்டு கேமராக்கள், மென்பொருள் உரிமம் எத்தனை ஆண்டுக்கு என்ற விவரம், ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் தனித்தனி வரியில் வர வேண்டும்.

சரக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு பரிசோதனை செய்து பாருங்கள். அழுத்தப் பட்டையைக் கெட்டியான உருளை ஒன்றில் சுற்றி 90 மி.மீ. வரை காற்றடித்து ஐந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது. விரல் எலக்ட்ரோடு கம்பிகளின் இரு முனைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) வைத்தால் கோடு ஆடாமல் நேராக ஓட வேண்டும். இரண்டு மூச்சுக் குழாயையும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துக் கட்டினால் இரண்டு அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கால் விரலை மட்டும் அழுத்தினால் அசைவு மெத்தையின் கோட்டில் அது தெரிய வேண்டும். இதே நான்கையும் மாதம் ஒருமுறை செய்து, தேதி போட்டு, ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது நல்லது. வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

கே: எங்கள் நிலையத்தில் கணினி நன்றாகத் தெரிந்த இளம் காவலர் ஒருவர் இருக்கிறார். மென்பொருளே மதிப்பெண் போட்டுத் தருகிறது என்கிறார்கள். அவருக்கு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தால் போதாதா?

ப: போதாது. கணினி தெரிந்தவர் என்பது தேர்வுக்குத் தகுதியே இல்லை. இந்த வேலையில் முக்கால்வாசி, எதிரில் இருப்பவரோடு பேசுவதுதான். அலுக்காமல் கேட்கத் தெரிந்தவர், தன் சந்தேகத்தை முகத்தில் காட்டாதவர், எழுதுவது தெளிவாக இருப்பவர், இப்படிப்பட்டவரைத் தேடுங்கள். மிரட்டி வாக்குமூலம் வாங்குவதில் பெயர் பெற்றவரை அனுப்பவே வேண்டாம்.

அமெரிக்கப் பாலிகிராஃப் சங்கம் அங்கீகரிக்கும் பள்ளிகளில் அடிப்படைப் பயிற்சிக்குக் குறைந்தது 400 மணி நேரம், அதாவது பத்து வாரம் ஆகிறது. உடலியல், உளவியல், கேள்வி அமைக்கும் முறை, சோதனை வகைகள், சென்சார் கோடுகளின் பதிவான சார்ட்டுக்கு மதிப்பெண் போடுவது, சட்டம், நெறிமுறை, மாதிரிச் சோதனைகள் எல்லாம் அதில் வரும். மென்பொருள் போடும் மதிப்பெண், உள்ளே போன தரவு சுத்தமாக இருந்தால்தான் செல்லும். கேள்வி தவறாக அமைந்தது என்று எந்த மென்பொருளும் சொல்லாது. இருமல் எது, எதிர்வினை எது என்று குறிப்பதும் ஆள்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சான்றிதழோடு நேரே வழக்கில் இறக்கிவிடக் கூடாது. முதலில் நடத்தும் சோதனைகளை மூத்த பரிசோதகர் ஒருவர் கேமராவில் முழுக்கப் பார்த்து, கேள்விப் பட்டியலையும் மதிப்பெண்ணையும் சரிபார்க்க வேண்டும். உள்ளூரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வெளியிலிருந்து வரவழைக்கும் கட்டணத்தையும் கோரிக்கையில் போடுங்கள். நாங்கள் பார்த்த அளவில் எல்லோரும் விட்டுவிடும் வரி இதுதான். அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் பயிற்சி என்பது அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் விதி.

இன்னொன்று. ஒருவரை மட்டும் பயிற்றுவித்தால் அவருடைய மாற்றல் உத்தரவு வரும் நாளில் கருவி அலமாரிக்குப் போய்விடும். எனவே இருவரை அனுப்புங்கள். குறைந்தது நான்கைந்து ஆண்டு இந்தப் பணியில் இருப்பேன் என்று எழுதி வாங்குங்கள். துறையும் அதுவரை மாற்ற மாட்டோம் என்று எழுதித் தரட்டும். பத்து வாரம் அவர்கள் இல்லாதபோது அவர்கள் இடத்தைப் பார்க்கும் ஆளுக்கான சம்பளமும் பயிற்சிச் செலவில்தான் சேரும். இருவர் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் நடத்திய சோதனையின் சார்ட்டை, வழக்கு விவரமும் முதல் முடிவும் தெரியாமல், மற்றவர் தனியாக மதிப்பிடலாம். இரண்டு முடிவும் ஒத்துவரவில்லை என்றால் அறிக்கை வெளியே போகக் கூடாது.

கே: சோதனையில் உண்மையில் என்னதான் நடக்கிறது? படங்களில் இரண்டு நிமிடத்தில் விளக்கு எரிந்துவிடுகிறதே!

ப: விளக்கு எதுவும் எரியாது. சோதனை இரண்டு முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். ஒயர் மாட்டியிருக்கும் நேரம் அதில் மிகக் குறைவு.

முதல் பகுதி பேச்சு. சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டுவது, உடல்நிலை, சாப்பிட்டாரா, தூங்கினாரா, என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்பது, பிறகு நடந்த சம்பவத்தை அவர் வாயாலேயே சொல்லவைப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகும். பிறகு கேட்கப்போகும் எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று ஒத்துக்கொள்வார்கள். திடீர்க் கேள்வி கிடையாது. திடுக்கிட்டால் உண்மை சொல்பவருக்கும்தான் வியர்க்கும்.

கேள்விகள் மூன்று வகை. ‘இன்று செவ்வாய்க்கிழமையா?’ என்பது போன்ற சாதாரணக் கேள்வி. ‘பெட்டகத்திலிருந்த பணத்தை நீங்கள் எடுத்தீர்களா?’ என்பது வழக்குக் கேள்வி. மூன்றாவதுதான் நுட்பம்: ‘இந்த வேலைக்கு வருமுன், உங்களை நம்பிய ஒருவரிடம் பொய் சொன்னதுண்டா?’ இது ஒப்பீட்டுக் கேள்வி. குற்றமற்றவர் இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சங்கடப்படுவார், குற்றவாளி வழக்குக் கேள்விக்குத்தான் அதிகம் பதறுவார் என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானம். ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுவதும் இந்த அனுமானத்தின் மேல்தான். எடுக்காத பணத்தை எடுத்தாயா என்று கேட்டால் நல்லவருக்கும் பதறாதா என்ற கேள்விக்கு முழுமையான பதில் இன்னும் இல்லை.

சென்சார்களை மாட்டியதும் முதலில் ஓர் எண் விளையாட்டு. ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணை எழுதச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாக ‘இதை எழுதினீர்களா?’ என்று கேட்டு, எல்லா எண்ணுக்கும் ‘இல்லை’ என்றே பதில் சொல்லச் சொல்வார்கள். சென்சார்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, இவருடைய உடல் அளக்கும்படி எதிர்வினை காட்டுகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வழக்குக்கான கேள்வி வரிசை, குறைந்தது மூன்று முறை. ஒரு வரிசை ஏறக்குறைய ஐந்து நிமிடம். கேள்விக்கும் கேள்விக்கும் இடையே 25 நொடி அளவுக்கு அமைதி இருக்க வேண்டும். தோல் மின்கடத்தல் மேலே ஏறிப் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு நேரம் தேவை. அவசரக்காரப் பரிசோதகர் பத்து நொடியில் அடுத்த கேள்வியைக் கேட்டால் முதல் கேள்வியின் எதிர்வினை இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடும். வரிசைக்கு வரிசை அழுத்தப் பட்டையின் காற்றை இறக்கிக் கைக்கு ஓய்வு கொடுப்பதும் கட்டாயம். கை மரத்துப்போனால் வலிதான் பதிவாகும்.

மதிப்பெண் போடுவது தனி வேலை. ஒவ்வொரு வழக்குக் கேள்வியையும் பக்கத்திலுள்ள ஒப்பீட்டுக் கேள்வியோடு, ஒவ்வொரு சென்சாரிலும் ஒப்பிடுவார்கள். ஒப்பீட்டுக் கேள்விக்கு எதிர்வினை அதிகம் என்றால் கூட்டல், வழக்குக் கேள்விக்கு அதிகம் என்றால் கழித்தல். பழைய முறையில் +3 முதல் -3 வரை. இப்போது பலரும் பயன்படுத்தும் ‘எம்பிரிக்கல் ஸ்கோரிங் சிஸ்டம்’ என்ற முறையில் மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒன்று, தோல் மின்கடத்தலுக்கு இரண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் முடிவு மூன்றில் ஒன்று: ஏமாற்றுக்கான அறிகுறி உண்டு, இல்லை, தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவது முடிவைத் தோல்வியாக நினைக்கும் மேலதிகாரிகள் உண்டு. ‘எப்படியாவது ஒரு முடிவு சொல்லு’ என்று நெருக்கும் அலுவலகத்தில் இந்தக் கருவி இருக்கவே கூடாது.

நம் செய்தித்தாள்கள் இதை ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்கின்றன. பேச்சுவழக்கில் ‘பொய் கண்டறியும் கருவி’. மூச்சு, வியர்வை, ரத்த ஓட்டம் தவிர அது எதையும் கண்டறிவதில்லை.

கே: அப்படியானால் எவ்வளவு நம்பலாம்? விழுக்காட்டில் சொல்ல முடியுமா?

ப: ஒற்றை விழுக்காடு சொல்பவரிடம் கருவி வாங்காதீர்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, குறிப்பிட்ட ஒரு சம்பவம் பற்றிய சோதனையில் கருவி குருட்டாம்போக்கை விட நன்றாகவே தேறுகிறது, ஆனால் பிழையற்ற நிலைக்கு வெகு தூரம் இருக்கிறது என்றது. ஆட்களை மொத்தமாகச் சலித்தெடுக்கும் சோதனைக்கு அதே அறிக்கை ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள், கருவி பத்தில் எட்டு உளவாளிகளைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதோடு சேர்ந்து குற்றமற்ற 1,598 பேரும் மாட்டுவார்கள். அதாவது மாட்டிய 200 பேரில் ஒருவர்தான் உளவாளி. மீதி இரண்டு உளவாளிகள் தேறிப் போய்விடுவார்கள்.

காவல் நிலைய அளவிலும் இதே கணக்குத்தான். பேச்சுக்குக் கருவி 85 விழுக்காடு சரி என்று வைப்போம். பெட்டகச் சாவி நான்கு பேரிடம்தான் இருந்தது, ஒருவர் எடுத்திருக்கிறார். நால்வரையும் சோதித்தால், மாட்டியவர் உண்மையிலேயே எடுத்தவராக இருக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இதே திருட்டுக்கு அலுவலகத்தின் 40 பேரையும் வரிசையில் நிறுத்தினால் ஆறு அப்பாவிகள் மாட்டுவார்கள். அவர்களோடு குற்றவாளியும் ஒருவேளை இருப்பார். புலனாய்வு முதலில் ஆட்களைக் குறைக்க வேண்டும், கருவி அதற்குப் பிறகு வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் வேலை கூடும்.

தேறியதை வைத்து ஒருவரை விட்டுவிடுவதும் ஆபத்து. சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 இரண்டு ஆண்டுகளிலும் பாலிகிராஃபில் தேறியவர். அமெரிக்காவின் கிரீன் ரிவர் தொடர் கொலையாளி கேரி ரிட்ஜ்வே 1984-இல் தேறினார். பிடிபட்டது 2001-இல், டி.என்.ஏ. சான்றால்.

கே: புதிய டிஜிட்டல் கருவி பழைய மை-காகிதக் கருவியை விடத் துல்லியமா? எங்களிடம் பழையது ஒன்று இன்னும் ஓடுகிறது.

ப: அளக்கும் சங்கதிகள் பெரிதாக மாறவில்லை. 1921-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி காவல் துறையில் ஜான் லார்சன் அமைத்த கருவி மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் எழுதியது. தோல் மின்கடத்தல் பின்னால் சேர்ந்தது. டிஜிட்டலில் கிடைப்பது வேறு லாபம்: மை அடைக்காது, கோட்டின் உயரத்தைப் பின்னாலும் மாற்றிப் பார்க்கலாம், மூலத் தரவை அப்படியே வைத்து இன்னொருவருக்கு அனுப்பி மறுமதிப்பீடு கேட்கலாம். பழையதற்கு உதிரிபாகம் கிடைக்காது, மறு ஆய்வுக்கும் அனுப்ப முடியாது. மாற்றுவது நியாயம்தான். ‘துல்லியம் கூடும்’ என்று மட்டும் கோரிக்கையில் எழுதாதீர்கள்.

கே: குரலை வைத்தே பொய் கண்டுபிடிக்கும் மென்பொருள் மலிவாகக் கிடைக்கிறதாம். அதை வாங்கலாமா?

ப: வேண்டாம். அமெரிக்க நீதித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு நிதி கொடுத்து, சிறைக்கு வந்தவர்களிடம் ‘அண்மையில் போதைப்பொருள் எடுத்தீர்களா’ என்று கேட்டு, பதிலைச் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். பொய் சொன்னவர்களில் குரல் மென்பொருள்கள் பிடித்தது ஏறக்குறைய 15 விழுக்காடு. மொத்தத்தில் நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

கே: நீதிமன்றம் ஏற்காத ஒன்றுக்கு வரிப்பணம் எதற்கு?

ப: நியாயமான கேள்வி. 1923-இல் அமெரிக்காவில் ஃபிரை வழக்கில் தொடங்கிப் பல நாட்டு நீதிமன்றங்கள் இதைச் சான்றாக ஏற்க மறுத்திருக்கின்றன. கனடா உச்ச நீதிமன்றம் 1987-இல் மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதமில்லாமல் யாரையும் பாலிகிராஃபுக்கு உட்படுத்துவது அரசமைப்பின் 20(3), 21 ஆகிய கூறுகளுக்கு எதிரானது என்றது. சம்மதித்து உட்கார்ந்தாலும் சோதனை முடிவு சான்றாகாது. அதன் வழியே கண்டெடுக்கும் பொருளை மட்டும் சட்டப்படி சான்றாக்கலாம். சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிய வேண்டும், வழக்கறிஞர் உதவி கிடைக்க வேண்டும் என்ற தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் பின்பற்றவும் தீர்ப்பு சொல்கிறது.

ஆக இதன் பயன் சாட்சிக் கூண்டில் இல்லை. ஐந்து பேரில் யாரை முதலில் விசாரிப்பது, எந்தத் துப்பில் நேரம் செலவிடுவது என்று தீர்மானிக்கத்தான். அதற்கு இவ்வளவு செலவு தகுமா என்பது ஆண்டுக்கு எத்தனை வழக்கில் அந்தத் தேவை வருகிறது என்பதைப் பொறுத்தது. சோதனைக்கு முந்தைய நாள் கோப்புப் படிப்பு, பிந்தைய அறிக்கை, மறுமதிப்பீடு எல்லாம் சேர்த்தால் ஒரு சோதனைக்கு ஒரு பரிசோதகரின் முழு வேலைநாள் ஒன்றாவது போகும். ஆண்டுக்கு 60 சோதனை என்றால் இருவருக்கும் தலா 30. கை பழக்கம் விடாமல் இருக்கும். பத்துப் பன்னிரண்டுதான் வரும் என்றால் சொந்தக் கருவி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பக்கத்துக் காவல் துறைகளோடு பங்கு போடுங்கள், அல்லது தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘கருவி உன்னைப் பொய்யன் என்கிறது’ என்ற ஒரு வாக்கியம் மனிதனை உடைத்துவிடும். 1973-இல் கனெக்டிகட்டில், தாயைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட 18 வயது பீட்டர் ரெய்லியிடம் கருவியில் தோற்றுவிட்டாய் என்று சொல்லப்பட்டது. தன் நினைவின் மேலேயே சந்தேகம் வந்து அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னால் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இதனால்தான் சோதனைக்குப் பிந்தைய பேச்சும் விடாமல் பதிவாக வேண்டும் என்கிறோம். கோரிக்கையில் கேமராவுக்கான செலவை வெட்டும் குழுவுக்கு இந்த வழக்கை நினைவூட்டுங்கள்.

கே: வேலைக்கு விண்ணப்பிக்கும் காவலர்களைச் சோதிக்க மட்டும் வாங்கினால்?

ப: அமெரிக்காவில் 1988-இன் சட்டம் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றுக்கு இதைத் தடை செய்தது, அரசு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அங்கே பல காவல் துறைகள் இப்படித்தான் பயன்படுத்துகின்றன. மேலே சொன்ன 10,000 பேர் கணக்கை மறுபடி படியுங்கள். சோதனைக்கு முன் விண்ணப்பதாரர்கள் தாங்களே ஒப்புக்கொள்ளும் விஷயங்கள்தான் பயன் என்பார்கள். அதற்கு நல்ல பின்னணி விசாரணை அதிகாரி ஒருவர் போதும். சார்ட்டை மட்டும் வைத்து யாரையும் நிராகரிக்கக் கூடாது.

கே: கால் விரலை அழுத்தினால், நாக்கைக் கடித்தால் ஏமாற்றலாம் என்கிறார்களே?

ப: ஒப்பீட்டுக் கேள்வியின்போது அப்படிச் செய்து அந்த எதிர்வினையைப் பெரிதாக்குவதுதான் உத்தி. கால், தொடை அசைவை மெத்தை காட்டிக்கொடுக்கும். மனத்துக்குள் ஏழு ஏழாகக் கழித்துக் கணக்குப் போடுபவரை எந்த மெத்தையும் பிடிக்காது.

கே: சோதனை அறைக்குத் தனியாக நிதி கேட்க வேண்டுமா? விசாரணை அறையிலேயே நடத்திக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் அதிகாரி.

ப: கேளுங்கள். லாக்கப் கதவு சாத்தும் சத்தம், வயர்லெஸ் இரைச்சல், வராந்தாவில் பூட்ஸ் ஒலி ஒவ்வொன்றும் சார்ட்டில் ஓர் எதிர்வினையாக ஏறும். பத்துக்குப் பத்தடி அறை போதும். சுவர் வெறுமையாக இருக்கட்டும். டிக் டிக் கடிகாரம் வேண்டாம். ஏ.சி.யின் காற்று நாற்காலிமேல் நேராக விழக் கூடாது. விரல் சில்லிட்டால் ரத்த நாளங்கள் சுருங்கி, விரல் நுனிக் கிளிப்பில் அலையே எழாது. உழைத்துக் காய்த்த விரலிலும் தோல் மின்கடத்தல் சரியாக வராது. அப்போது எலக்ட்ரோடை உள்ளங்கையில் ஒட்ட வேண்டும். உள்ளே பரிசோதகரும் சோதிக்கப்படுபவரும் மட்டும். மற்றவர்கள் கேமரா வழியாகப் பார்க்கட்டும். புலனாய்வு அதிகாரியே பரிசோதகராக உட்காரக் கூடாது.

இரவெல்லாம் விசாரித்துவிட்டுக் காலையில் கருவியில் உட்காரவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அறை எவ்வளவு நன்றாக இருந்தும் அந்தச் சோதனை வீண். களைத்த உடலில் எதிர்வினை தட்டையாகிவிடும்.

கே: ஒருமுறை மானியம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் அதிலேயே வாங்கிவிடலாமா?

ப: கருவி, நாற்காலி, கேமரா, அறை வேலை, இருவரின் பத்து வாரப் பயிற்சி ஆகியவை மானியத்தில் சேரும். எலக்ட்ரோடு, உரிமப் புதுப்பிப்பு, ஏ.எம்.சி., தொடர் பயிற்சி, வெளி மறுமதிப்பீடு ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. இவற்றுக்கு வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு திறக்காமல் மானியத்தை வாங்கினால் மூன்றாம் ஆண்டில் உரிமம் தீர்ந்து மென்பொருள் திறக்க மறுக்கும். ஐந்தாம் ஆண்டில் மடிக்கணினி மாற்றம் வரும். அதையும் எழுதி வையுங்கள். பணம் பற்றாவிட்டால் கருவியின் விலை உயர்ந்த மாடலைக் குறையுங்கள், பயிற்சி வாரத்தைக் குறைக்காதீர்கள்.

கே: பதிவுகளை எவ்வளவு காலம், எப்படி வைக்க வேண்டும்?

ப: வழக்கும் மேல்முறையீடும் முடியும்வரை. சம்மதப் படிவம், கேள்விப் பட்டியல், மூலத் தரவுக் கோப்பு, முழு வீடியோ, இரண்டு பேரின் மதிப்பெண் தாள் ஐந்தும் ஒரே எண்ணின் கீழ் இருக்க வேண்டும். மூலத் தரவு அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில்தான் திறக்கும். அதனால் சார்ட்டுகளைப் பி.டி.எஃப். வடிவிலும் எடுத்து, இரண்டு தனி வட்டுகளில் வையுங்கள். உரிமம் காலாவதியானாலும் பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும் வசதி நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள். கொள்முதல் ஆணை போன பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை சொல்வார்கள்.